வங்கிக்கு 16.5 லட்சம் யுவான், மாமனாருக்கு 5 லட்சம்: சுஜோ வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். சீனாவில் சுஜோ நகரில் மென்பொருள் வேலை, வயது 38. மனைவி சீனர், அவருடைய அப்பா லுவோயாங்கில் அரசு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணமாகி இரண்டு வருடம் கழித்து, 2020ல், மனைவி பெயரில் 26 லட்சம் யுவானுக்கு ஒரு ஃபிளாட் வாங்கினோம். முன்பணம் 7.8 லட்சம். அதில் 5 லட்சம் மாமனார், மாமியார் தந்தது. மீதி 18.2 லட்சம் 30 வருட வங்கிக் கடன். இப்போது பாக்கி 16.5 லட்சம். அதே குடியிருப்பில் அதே அளவு வீடு இன்று 19 லட்சத்துக்குத்தான் போகிறது. வங்கியில் 4 லட்சம் டெபாசிட் வைத்திருக்கிறேன். மனைவியின் வீட்டுச் சேம நிதிக் கணக்கில் 1.2 லட்சம் தொடாமல் கிடக்கிறது. டெபாசிட்டை எடுத்துக் கடனில் கட்டிவிடலாமா? வியாபாரக் கடன் வாங்கி வீட்டுக்கடனை அடைத்தால் வட்டி குறையும் என்று ஒரு தரகர் தினமும் கூப்பிடுகிறார். ஜெங்ஜோவில் இருக்கும் மனைவியின் சித்தப்பா மகன், கட்டி முடிக்காத வீட்டுக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார்; 'நீங்களும் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போங்களேன்' என்கிறார். எங்களுக்கு 4 வயதில் மகள், மாமியார்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். சீன நகரங்களில் நூற்றுக்கு 96 குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்று படித்தேன். அப்படியானால் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இந்தத் தவிப்பு?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்ற மூன்றும் சுலபம்.

அந்த 96 சதவீதம் பொய்யில்லை. சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி, 2019ல் 30,000க்கும் மேற்பட்ட நகரக் குடும்பங்களிடம் எடுத்த கணக்கு அது. அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பகிர்வதில்லை: வீட்டுக்கடன் பாக்கி உள்ள குடும்பங்கள் 43.4 சதவீதம்தான். அதாவது பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு இருக்கிறது, வீட்டுக்கடன் இல்லை. வீடு வைத்திருப்பவர்களும் வீட்டுக்காகக் கடன்பட்டவர்களும் அங்கே பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இன்னும் சரியாகச் சொன்னால், வேறு வேறு வயது ஆட்கள்.

உங்கள் மாமனாரிடம் அவர் குடியிருக்கும் வீட்டின் கதையைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு வீட்டை ஆலைதான் ஒதுக்கியது, வாடகை பேருக்குத்தான். 1990களில் அந்த வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே மலிவு விலையில் விற்கத் தொடங்கினார்கள். ஜூ ரோங்ஜி பிரதமராக இருந்த 1998ல், வேலை செய்யும் இடம் வீடு ஒதுக்கும் முறையையே நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் வங்கி வாசலை மிதிக்காமலே வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். வீட்டுக்கடன் என்பதே அதற்குப் பிறகு, அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் பரவிய சமாச்சாரம்.

பிள்ளைகள் சந்தை விலையில் வாங்க வேண்டியிருந்தது. விலை ஏறிய வேகத்துக்குச் சம்பளத்தை மிச்சம்பிடித்து முன்பணம் சேர்க்க யாராலும் முடியவில்லை. அதனால் பெற்றோரின் சேமிப்பு உள்ளே வந்தது. பொருளாதார அறிஞர் ஃபான் காங் 2018ல் 'ஆறு பணப்பை' பற்றிப் பேசினார்: இளம் தம்பதியின் பணப்பை போக, கணவன் பக்கம் பெற்றோர், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி என்று மூன்று, மனைவி பக்கமும் அதேபோல மூன்று. இத்தனை பேரும் கொடுத்தால் முன்பணம் தேறும் என்றார். நிறையத் திட்டு வாங்கினார். ஆனால் ஊரில் நடந்துகொண்டிருந்ததைத்தான் சொன்னார்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். வங்கிப் பாக்கி 16.5 லட்சம், வீடு 19 லட்சம். வங்கியின் கண்ணில் நீங்கள் நல்ல வாடிக்கையாளர், வீட்டை விற்றால் கடன் தீர்ந்து 2.5 லட்சம் மிஞ்சும். ஆனால் மாமனார் தந்த 5 லட்சத்தையும் சேர்த்தால் வீட்டின் மேல் உள்ள கடன் 21.5 லட்சம். அந்தக் கணக்கில் 2.5 லட்சம் துண்டு விழுகிறது. வங்கி ஏட்டில் தெரியாத இந்தத் துண்டுதான் உங்கள் தவிப்பு. சீனா முழுக்க இதே கதைதான். தனிநபர் வீட்டுக்கடன் பாக்கி 2023 முடிவில் 38.17 லட்சம் கோடி யுவான், 2024 முடிவில் 37.68 லட்சம் கோடி என்று மத்திய வங்கி கணக்குக் காட்டுகிறது. பெற்றோர் எடுத்துக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்கள் கடன் இல்லாத வீட்டுக்காரர்கள் என்று ஒரு பக்கமும், நீங்கள் கடன்பட்ட வீட்டுக்காரர் என்று இன்னொரு பக்கமும் பதிவாகிறீர்கள். பணம் என்னவோ ஒரே குடும்பத்துப் பணம். அதே 2019 கணக்கின்படி நகரக் குடும்பங்களின் சொத்தில் 59.1 சதவீதம் வீடுதான். விலை இறங்கும்போது இரண்டு தலைமுறையின் சேமிப்பும் சேர்ந்தே கரைகிறது.

சரி, சாவி விஷயம். வேண்டாம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் வீட்டை விட்டால் கடனும் விட்டது. சீனாவில் அப்படி இல்லை. வங்கி வழக்குப் போடும், நீதிமன்றம் வீட்டை இணையத்தில் ஏலம் விடும். ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 19 லட்சம் வீடு 15 லட்சத்துக்குப் போனால், மீதி 1.5 லட்சமும் வட்டியும் செலவும் உங்கள் தலையில்தான். தனிநபர் திவால் சட்டம் நாடு முழுவதற்கும் இல்லை. 2021 மார்ச் முதல் ஷென்ஜென் நகரில் சோதனையாக ஒன்று நடக்கிறது. கட்டாதவர் பெயர் நீதிமன்றப் பட்டியலில் ஏறினால் விமானம், அதிவேக ரயில் டிக்கெட் கிடைக்காது. நீங்கள் வெளிநாட்டுக்காரர், கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், நாட்டை விட்டு வெளியேற நீதிமன்றம் தடை விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அப்புறம், சீன நகரங்களில் மகளின் பள்ளி இடம் பெரும்பாலும் வீட்டு முகவரியோடு கட்டுப்பட்டது. அதை மறக்க வேண்டாம்.

உங்கள் மைத்துனர் நிலைமை வேறு. அங்கே புது வீடுகளில் பெரும்பாலானவை கட்டும் முன்பே விற்கப்பட்டவை. கடன் முழுவதும் அப்போதே கட்டுமான நிறுவனத்துக்குப் போய்விடும், தவணையும் அப்போதே தொடங்கிவிடும். செங்கல் ஏறாத வீட்டுக்கு ஒரு பக்கம் தவணை, குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு பக்கம் வாடகை என்று இரண்டையும் கட்டிய குடும்பங்கள் ஏராளம். 2020 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனங்கள் கடன் வாங்குவதற்கு அரசு 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற வரம்புகளைப் போட்டது. பழைய வேலையை முடிக்கப் புது வாடிக்கையாளர் பணத்தை நம்பியிருந்தவர்கள் மூச்சுத் திணறினார்கள். 2021 டிசம்பரில் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் கடனைத் திருப்பத் தவறியது. 2022 கோடையில் ஜிங்டேஜென்னில் அதன் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியவர்கள் வேலை மறுபடி தொடங்காவிட்டால் தவணை கட்ட மாட்டோம் என்று கடிதம் எழுத, சில வாரங்களில் அது நூறு நகரங்கள் அளவுக்குப் பரவியது. ஜெங்ஜோ அதில் முன்வரிசை. அந்தப் போராட்டத்தால் அரசு இறங்கிவந்து, வீட்டை முடித்துக் கொடுப்பதற்கென்று பணம் ஒதுக்கியது. வீட்டை ஒப்படைக்கவே முடியாது என்று ஆகிவிட்டால், வாங்கியவர் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதில் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களைவிட அவருக்கு முன்னுரிமை என்று உச்ச மக்கள் நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் சொன்னது. ஆகவே அவருக்கு ஒரு வழக்காவது உண்டு. ஆனால் அவரும் சும்மா நிறுத்திவிட்டு உட்காரக் கூடாது, வக்கீலைப் பார்த்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வழியில் போக வேண்டும். கட்டி முடித்த வீட்டில் குடியிருக்கும் உங்களுக்கு இது எதுவும் பொருந்தாது.

தரகருக்கு ஒரே பதில், எண்ணை பிளாக் செய்யுங்கள். அவர் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன். முதலில் கைமாற்றுப் பணம் கொடுத்து உங்கள் வீட்டுக்கடனை அடைப்பார், அதற்கு நாள் வட்டி. பிறகு உங்கள் மனைவி பெயரில் ஒரு பெயரளவுக் கம்பெனி, ஒரு பொய்க் கொள்முதல் ஒப்பந்தம். அதைக் காட்டி வீட்டின் மேல் வியாபாரக் கடன். பணம் வியாபாரத்துக்குப் போகவில்லை என்று வங்கி கண்டுபிடித்தால் முழுத் தொகையையும் உடனே கேட்கலாம். கண்டுபிடிக்காவிட்டாலும் அந்தக் கடன் பெரும்பாலும் சில வருடத்தில் புதுப்பிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் வீட்டை மறுபடி மதிப்பிடுவார்கள். இன்றைய 19 லட்சத்தில் 70 சதவீதம் கொடுத்தால்கூட 13.3 லட்சம்தான், உங்கள் பாக்கியோ 16.5. முதல் நாளே 3 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். விலை இறங்கும் சந்தையில் நீண்ட காலக் கடனைக் குறுகிய காலக் கடனாக மாற்றுவதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரியாது.

இனி முக்கியமானது, முன்கூட்டிக் கட்டுவது.

2023 தொடக்கத்தில் சீனாவில் முன்கூட்டிக் கட்டுவதற்கே வரிசை நின்றது. வங்கிகள் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தன. அப்போது அது புரிந்துகொள்ளக்கூடிய அவசரம். உங்களைப் போல 2020 வாக்கில் வாங்கியவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருக்க, புதிதாக வாங்குபவர்களுக்கு 4 சதவீதம் அளவில் கிடைத்தது. அந்தக் கோபத்தைத் தணிக்கத்தான் 2023 செப்டம்பரில் முதல் வீட்டுக் கடன்களுக்கும், 2024 அக்டோபரில் பழைய கடன்கள் எல்லாவற்றுக்கும் வட்டியைக் குறைத்தார்கள். இரண்டாவது குறைப்பை அறிவித்தபோது 5 கோடி குடும்பங்களுக்கு வருடத்துக்குச் சுமார் 15,000 கோடி யுவான் மிச்சமாகும் என்று மத்திய வங்கித் தலைவர் பான் கோங்ஷெங் சொன்னார்.

இதனால் உங்கள் கடன் இன்று வேறு கடனாகிவிட்டது. வீட்டுக்கடன் வட்டிக்கு அடிப்படையான ஐந்தாண்டு எல்பிஆர் விகிதம் 2020ன் பெரும்பகுதியில் 4.65 சதவீதம், 2025 மே மாதத்தில் 3.5. 2024 குறைப்பின்படி அதிலிருந்து 0.3 கழித்தால் உங்கள் வட்டி 3.2 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். கடன் வாங்கியபோது நீங்கள் மாதம் ஏறக்குறைய 10,000 யுவான் கட்டியிருப்பீர்கள். இப்போது 8,100 வாக்கில் வரும். அந்த அளவில் இல்லை என்றால் வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.

டெபாசிட்டுக்குப் பெரிய அரசு வங்கிகளில் ஒரு வருடத்துக்கு 1 சதவீதம்கூடக் கிடைப்பதில்லை. கணக்கை மட்டும் பார்த்தால் கேள்வியே இல்லை: 4 லட்சத்தையும் கடனில் போட்டால் முதல் வருடம் 12,800 யுவான் வட்டி மிச்சம், இழப்பது 4,000 அளவு. தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்தால் கடன் கிட்டத்தட்ட 8 வருடம் முன்னதாகவே முடியும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நான் முழுவதையும் போடச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு 38 வயது, துறை மென்பொருள். சீனாவில் 35ஐத் தாண்டியவர்களை அந்தத் துறை எப்படி நடத்துகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு உங்கள் வேலை அனுமதி கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் சம்பளத்தோடு தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். கடனில் போட்ட பணத்தை வங்கி திருப்பித் தராது. வருடத்துக்கு 8,800 யுவான் லாபத்துக்காகக் கையில் உள்ள ரொக்கம் முழுவதையும் சுவருக்குள் வைத்துப் பூச வேண்டாம். ஒரு வருடத் தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து 2 லட்சம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும்.

முதலில் கட்ட வேண்டியது டெபாசிட்டிலிருந்து அல்ல, மனைவியின் சேம நிதியிலிருந்து. கோங்ஜிஜின் என்று அவர்கள் சொல்லும் இந்த நிதி 1991ல் ஷாங்காயில், சிங்கப்பூரின் மத்திய சேம நிதியைப் பார்த்துத் தொடங்கியது. ஊழியர் சம்பளத்தில் 5 முதல் 12 சதவீதம், முதலாளியும் அதே அளவு. சிங்கப்பூர் நிதி நல்ல வட்டி தருகிறது. சீன நிதி தருவது 1.5 சதவீதம்தான். 3.2 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு 1.2 லட்சத்தை 1.5 சதவீதத்தில் தூங்கவிடுவதில் அர்த்தமில்லை. வீட்டுக்கடன் கட்ட அதிலிருந்து எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தடவை என்பது நகரத்துக்கு நகரம் மாறும். 2020 சமயத்தில் பல இடங்களில் வீடு விற்றவர்கள், பணம் வர நாளாகும் என்று சேம நிதிக் கடனை ஏற்க மறுத்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது சில நகரங்கள் வங்கிக் கடனைச் சேம நிதிக் கடனாக மாற்ற விடுகின்றன. முதல் வீட்டுக்கு அதன் வட்டி 2025 மே முதல் 2.6 சதவீதம். உச்சவரம்பு இருப்பதால் 16.5 லட்சம் முழுவதும் மாறாது, ஒரு பகுதி மாறினாலும் லாபமே. மனைவி அடையாள அட்டையோடு சுஜோ சேம நிதி மையத்துக்குப் போய் இந்த இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.

அந்தப் பணத்தைக் கட்டும்போது காலத்தைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா என்று வங்கியில் கேட்பார்கள். காலத்தைக் குறைத்தால் மொத்த வட்டி குறையும் என்று எல்லோரும் அதையே சொல்வார்கள். நீங்கள் தவணையைக் குறையுங்கள். மாதம் 590 யுவான் அளவுக்கு இறங்கும். வேலை நிலையாக இருந்தால் மிச்சமாவதைச் சேர்த்து அடுத்த வருடம் மறுபடி கட்டலாம். வேலை ஆடினால் கட்டாயச் செலவு குறைவாக இருக்கும். கட்டும் முன் ஒப்பந்தத்தில் அபராத விதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டிய கடனுக்குப் பெரும்பாலும் இருக்காது. அதே சமயம் வட்டியை மறுநிர்ணயம் செய்யும் தேதியையும் விசாரியுங்கள். முன்பு வருடத்துக்கு ஒருமுறைதான். 2024 நவம்பரிலிருந்து மூன்று மாதம், ஆறு மாதம் என்றும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் கடன் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். வட்டி இன்னும் இறங்கும் என்று நம்பினால் மாற்றுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவசரப்பட மாட்டேன்.

டெபாசிட்டில் மீதி 2 லட்சம் இருக்கிறது. அது மாமனாருக்கும் மாமியாருக்கும் என்பது என் கருத்து.

திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், கொடுப்பதே அவமரியாதை என்று நினைப்பார்கள். சீன வீட்டில் நடப்பது நம் வீட்டில் நடப்பதுபோலத்தான். அதனால் கொடுக்க வேண்டாம். மாமியார் பெயரில் தனிக் கணக்கில் போட்டு, 'இது உங்கள் இருவர் வைத்தியத்துக்கு' என்று மனைவி வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுடைய மருத்துவக் காப்பீடு லுவோயாங்கில் பதிவானது. பேத்தியைப் பார்க்க சுஜோவில் தங்கியிருக்கும் மாமியார் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், வெளியூர் சிகிச்சைக்கு முன்பதிவு செய்யாத பட்சத்தில் காப்பீடு தருவது குறையும். அந்தப் பதிவை இந்த வாரமே கைப்பேசியில் செய்துவிடுங்கள், பைசா செலவில்லை. அவர்கள் சேமிப்பு உங்கள் சுவரில் போய்விட்டது, வயது ஏறுகிறது. அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதைக் கட்டப்போவது நீங்கள்தான். ஆகவே இது தர்மம் அல்ல, உங்கள் குடும்பக் கடனில் முதலில் கேட்டு வரக்கூடிய பகுதிக்கு ஒதுக்கி வைப்பது.

அந்த 5 லட்சத்தைப் பற்றி ஒரு காகிதமும் எழுதுங்கள். அன்பளிப்பா, கடனா, மகளுக்கு மட்டுமா, இருவருக்குமா. திருமணத்துக்குப் பிறகு பெற்றோர் தந்த பணத்தில் வாங்கிய வீட்டைப் பற்றித் தகராறு வந்தால், தெளிவான ஏற்பாடு இல்லாத இடத்தில் பணம் எங்கிருந்து எவ்வளவு வந்தது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும் என்று 2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உச்ச மக்கள் நீதிமன்ற விளக்கம் சொல்கிறது. உங்களுக்குள் தகராறு வரும் என்று நான் சொல்லவில்லை. பத்திரம் மனைவி பெயரில், பணம் மாமனாருடையது, தவணை உங்கள் சம்பளத்தில். இந்த மூன்றும் எங்கேயாவது ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், மருமகன் கணக்குக் கேட்பதுபோல ஆகிவிடும். மனைவி தன் அப்பாவிடம் பேசட்டும். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். 2020ல் அவர் கணக்கிலிருந்து பணம் வந்த வங்கி ரசீதையாவது தேடி எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள்.